எந்த வருடத்துத் ‘தில்லி’?

ராசிபுரத்தில் பள்ளி மாணவர்களுக்காக ஓர் அறிவியல் கண்காட்சி நடந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலண்டர் அட்டை, தெர்மோகோல், களிமண் இவற்றைக் கொண்டு ஒரு போர்க்கப்பல் மாதிரி செய்து வைத்திருந்தான். 200-இல் ஒரு பங்கு அளவு. நீளம் எண்பத்து நாலரை சென்டிமீட்டர். ‘ஐ.என்.எஸ். தில்லி – கோவா விடுதலை, 1961’ என்று எழுதிய அட்டையும் முன்னால் இருந்தது. கூட்டம் அந்த மேசையை விட்டு நகரவில்லை.

“தண்ணியில விட்டா ஒரு பக்கம் சாஞ்சுக்குது சார். அதான் மேசை மேலயே வச்சுட்டேன்” என்று மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

மாலையில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வந்தார். இளமையில் கடற்படையில் பணியாற்றியவர். குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங் கண்ணு, இது எந்த வருசத்துத் தில்லி?”

“அறுபத்தொண்ணுங்க தாத்தா.”

“பின்னால மேல நிக்குதே, இந்த டரட்டு அப்ப இல்லியே கண்ணு. நான் எழுபதுல ஏறுனப்ப அந்த எடத்துல அது கெடையாது. முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. மொத்தம் மூணுதான்.”

மாணவன் என்னைப் பார்த்தான். கப்பலின் வரைபடத்தை அவனுக்குக் கொடுத்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பெரியவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. நான் கொடுத்த வரைபடமும் பொய்யல்ல. அது அதே கப்பலின் வரைபடம்தான், ஆனால் 1939-ஆம் ஆண்டின் தோற்றம். ஒரே கப்பலுக்கு இரண்டு உருவம் எப்படி வந்தது?

‘தில்லி’யின் முதற்பெயர் ‘அக்கிலீஸ்’. இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் என்ற ஊரில் கட்டப்பட்டு, 1932-இல் நீரில் இறக்கப்பட்டது. நீளம் 169 மீட்டர், அகலம் 17 மீட்டர். இதனைக் குரூசர் வகை என்பார்கள். பெரும் போர்க்கப்பல்களைவிடச் சிறியது, வேகம் மிக்கது. ‘டரட்’ எனப்படும் சுழல் பீரங்கிக் கூண்டுகள் நான்கு. கூண்டுக்கு இரண்டு பீரங்கிகள். முன்புறக் கூண்டுகளுக்கு ஏ, பி என்றும், பின்புறக் கூண்டுகளுக்கு எக்ஸ், ஒய் என்றும் பெயர். ஏ கூண்டின் தலைக்கு மேலாகச் சுடவேண்டும் என்பதற்காகப் பி கூண்டு ஒரு படி உயரத்தில் இருக்கும். பின்புறத்தில் அப்படி உயர்ந்து நிற்பது எக்ஸ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையே அந்த ஒரு படி உயரத்தில்தான் இருக்கிறது.

1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால், ‘கிராஃப் ஸ்பே’ என்ற ஜெர்மன் போர்க்கப்பலை எதிர்த்து மூன்று கப்பல்கள் போரிட்டன. அவற்றுள் ஒன்று நியூசிலாந்து மாலுமிகள் பலர் பணிபுரிந்த அக்கிலீஸ். அன்று அதில் நான்கு கூண்டுகளும் இருந்தன. 1943 ஜனவரி 5 அன்று பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவருகே ஜப்பானிய விமானம் ஒன்று போட்ட குண்டு, நேராக எக்ஸ் கூண்டின்மேல் விழுந்தது. பதின்மூன்று பேர் மாண்டனர். கப்பல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைக்குப் பழுதுபார்க்கச் சென்றது. அங்கும் துயரம் விடவில்லை. அந்த ஆண்டு ஜூனில் எரிபொருள் தொட்டியில் நேர்ந்த வெடிப்பில் துறைமுகத் தொழிலாளர் பதினான்கு பேர் இறந்தார்கள். 1944-இல் கப்பல் மீண்டும் கடலுக்கு வந்தபோது எக்ஸ் கூண்டு இல்லை. அந்த இடத்தில் சிறிய விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்தன. கொடிமரங்கள் மூன்று கால் கொண்டவையாக மாறி, உச்சியில் ரேடார் ஏறியது.

அந்த உருவத்தில்தான் கப்பல் நமக்கு வந்தது. 1948 ஜூலை 5 அன்று ‘தில்லி’யாகி இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 1950-இல் நேரு இந்தோனேசியாவுக்குப் பயணம் செய்தது இக்கப்பலில்தான். 1961 டிசம்பரில் டையூவில் போர்த்துக்கீசியர்மீது சுட்டது. 1978 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றது. அதன் ஒய் கூண்டு மட்டும் நியூசிலாந்துக்கு அன்பளிப்பாகச் சென்று, ஆக்லாந்து நகரின் கடற்படைத் தளத்தில் இன்றும் நிற்கிறது.

இப்போது மாணவனின் மாதிரியைப் பாருங்கள். பீரங்கிகளை என் வரைபடத்தைப் பார்த்து 1939-க்குச் செய்துவிட்டான். கொடிமரத்தையும் ரேடாரையும் பிற்காலத்துப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்துவிட்டான். ‘அதனாலென்ன, அட்டையில் அக்கிலீஸ், 1939 என்று மாற்றி எழுதிவிட்டால் போயிற்று’ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆகாது. 1939-இல் அந்த மூன்று கால் கொடிமரம் இல்லை. 1961-இல் அந்தக் கூண்டு இல்லை. எந்த நாளிலும் எந்தக் கடலிலும் மிதக்காத ஒரு கப்பலை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்திருந்தோம்.

நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஐந்து ஆண்டு மூட்டை ஏற்றிய லாரி பட்டறைக்குள் போகும். டேங்கராக வெளியே வரும். அடிச்சட்டம் அதே, எஞ்சின் அதே. போர்க்காலக் கப்பல்களும் இப்படித்தான். துறைக்குள் போன கப்பல் அப்படியே திரும்பி வருவதில்லை.

சரி, இரண்டு கேள்விகள் எழுகின்றன. உடைந்த கூண்டுக்குப் பதிலாகப் புதிய கூண்டு ஒன்றை ஏன் வைக்கவில்லை? ஒரு கப்பல் குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதற் கேள்வி என் பாடம், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சேகோ ஆலைக்குப் போகும் லாரியையும், வைக்கோலை வானளாவ அடுக்கிக்கொண்டு போகும் லாரியையும் பார்த்திருப்பீர்கள். எடை அதிகம் கிழங்கு லாரியில்தான். ஆனால் வளைவில் நம்மைப் பயமுறுத்துவது வைக்கோல் லாரி. எடை எவ்வளவு என்பதைவிட அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம்.

கப்பலிலும் இதே கதை. எடை முழுவதும் ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. நீரின் மிதப்பு விசை மேல்நோக்கிச் செயல்படுகிறது. கப்பல் சற்றே சாய்ந்தால், நீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறுவதால் மிதப்பு விசையின் கோடும் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அந்தக் கோட்டை மேலே நீட்டினால் கப்பலின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை கப்பல் தானே நிமிரும். மேலே ஏறிவிட்டால் நேராக நிற்காது. இடமோ வலமோ சாய்ந்து அங்கேயே நின்றுவிடும். இவ்வகைக் குரூசர்களில் இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்! 169 மீட்டர் கப்பலின் உயிர் அந்த ஒரு மீட்டரில் இருக்கிறது.

ஒரு கூண்டின் எடை 90 டன்னுக்கும் மேல். கணக்குக்காக, 90 டன் கூண்டு ஈர்ப்பு மையத்திலிருந்து 9 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பெருக்கினால் 810. முழுச் சுமையோடு கப்பல் 9,000 டன் என்றால், 810-ஐ 9,000-ஆல் வகுக்க 0.09 மீட்டர். அதாவது அந்த ஒரு கூண்டு மட்டும் ஈர்ப்பு மையத்தை 9 சென்டிமீட்டர் உயர்த்திப் பிடித்திருக்கிறது. இனிக் கொடிமர உச்சியில், 27 மீட்டர் உயரத்தில் ரேடார் வைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30 டன் வைத்தாலே அதே 810 வந்துவிடுகிறது. உயரம் மும்மடங்கானால், மூன்றில் ஒரு பங்கு எடையே அதே வேலையைச் செய்துவிடும்!

போர் தொடங்கியபோது எதிரி கடலில் இருந்தான். போர் நடுவே எதிரி வானத்துக்குப் போய்விட்டான். ரேடார் வேண்டும், விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வேண்டும், அவற்றை இயக்க ஆட்கள் வேண்டும். எல்லாமே மேல்தளத்துக்கு மேலே வரவேண்டியவை. எதையாவது இறக்கினாலன்றி ஏற்ற முடியாது. இறக்குவதென்றால் உயரத்தில் நிற்கும் பி அல்லது எக்ஸ். முன்னேறிச் சுடுவதற்குப் பி வேண்டும். ஆக, தலை உருள்வது எக்ஸுக்கு. அக்கிலீஸில் ஜப்பானியக் குண்டு அந்த வேலையை முந்திக்கொண்டு செய்துவிட்டது. பொறியாளர்கள் திருப்பி வைக்கவில்லை, அவ்வளவே. நமது அடுத்த குரூசரான ‘மைசூர்’ கப்பலைப் பாருங்கள். ‘நைஜீரியா’ என்ற பெயரில் கட்டப்பட்டபோது கூண்டுக்கு மூன்றாகப் பன்னிரண்டு பீரங்கிகள். 1957-இல் நம்மிடம் வந்தபோது ஒன்பதுதான். இல்லாமற் போனது எது என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். மாதிரி செய்வோர் முதலில் நாடுவது கப்பல் துறையின் வரைபடங்களை. பிரிட்டிஷ் கப்பல்கள் கட்டி முடிந்தபின் உள்ளது உள்ளபடி வரைந்த படங்கள் பல, லண்டனின் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பின்னால் செய்த மாற்றங்களை அதே தாளில் வேறு நிற மையால் குறிக்கும் வழக்கம் உண்டு. நிறத்தைக் கவனியாமல் நகல் எடுத்தால் இரண்டு காலங்களும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அடுத்தது புகைப்படம். ‘கண்ணால் கண்டதுதானே’ என்று நம்பிவிடக் கூடாது. போர்க்காலத்தில் வெளியிட்ட படங்களில் தணிக்கை அதிகாரிகள் ரேடார் கம்பிகளை அழித்துவிட்டே கொடுப்பது வழக்கம். படத்தில் ரேடார் இல்லை என்பதால் கப்பலில் இல்லை என்று ஆகாது. நிறமும் அப்படித்தான். பழைய பிலிம் வகை ஒன்று சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். ஆகவே படத்தின் கருமையைக் கண்டு சாயத்தை முடிவு செய்வது ஆபத்து.

திரைப்படத்தை நம்பலாமா? பிளேட் ஆற்றுப் போரைப் பற்றி 1956-இல் ஓர் ஆங்கிலப் படம் வந்தது. அதில் அக்கிலீஸாக நடித்தது நம் தில்லிதான்! தன் வேடத்தைத் தானே ஏற்ற கப்பல். ஆனாலும் எக்ஸ் கூண்டு இல்லாத 1950-களின் உருவம் அது. ‘கிராஃப் ஸ்பே’யாக நடித்தது ‘சேலம்’ என்ற அமெரிக்கக் கப்பல். நம் சேலம் அன்று, அமெரிக்காவிலும் ஒரு சேலம் உண்டு! உண்மையான கிராஃப் ஸ்பேக்குப் பெரிய கூண்டுகள் இரண்டு. ‘சேலம்’ கப்பலுக்கோ மூன்று.

கப்பலே பொய் சொல்வதும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய ‘எம்டன்’ நினைவிருக்கிறதா? அதற்குப் புகைபோக்கிகள் மூன்று. பிரிட்டிஷ் குரூசர் போலத் தோன்றுவதற்காக மரச்சட்டத்தில் கித்தான் போர்த்தி நான்காவது ஒன்றையும் வேண்டும்போது தூக்கி நிறுத்திக்கொண்டார்கள். அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது அந்த வேடத்தில்தான். எம்டனுக்குப் புகைபோக்கி எத்தனை என்று கேட்டால், எந்தத் தேதியில் என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

படத்தை நம்பலாம் என்று முடிவான பிறகு அளக்கத் தொடங்கலாம். கப்பலை நேர்ப்பக்கவாட்டில் எடுத்த படமானால் எளிது. படத்தில் 169 மீட்டர் நீளம் 16.9 செ.மீ. என்றால், 1 செ.மீ. உயரம் 10 மீட்டர். கப்பல் சற்றுத் திரும்பி நின்றால்? 30 பாகை திரும்பினால் நீளம் கொசைன் 30, அதாவது 0.87 பங்காகக் குறுகும். உயரம் குறுகாது. இதை மறந்து நீளத்தை வைத்துப் புகைபோக்கியை அளந்தால் உண்மையைவிடப் பதினைந்து விழுக்காடு உயரமாக வரும். நானும் ஒருமுறை இப்படி ஏமாந்தேன்.

கண்காட்சி முடிந்த அடுத்த ஞாயிறு, மாணவனின் கப்பலை எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டோம். சொன்னபடியே சாய்ந்தது. நிமிர்த்தி மறுபக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் சாய்ந்து நின்றது. எடை போட்டோம்: 610 கிராம். நீளம் 200-இல் ஒரு பங்கு என்றால், எடை 200 × 200 × 200, அதாவது 80 லட்சத்தில் ஒரு பங்கு. 9,000 டன்னுக்கு 1,125 கிராம் வரவேண்டும். ஆனால் களிமண் அடைத்த அவனுடைய கூண்டு ஒவ்வொன்றும் 40 கிராம் இருந்தது. அளவுப்படி பதினோரு கிராம் போதும். அடியில் பாரமில்லை, தலையில் அதிகம்.

கூண்டுகளைக் காலி அட்டையாக்கி, உள்ளே அடித்தளத்தில் மணற்பைகளைப் பரப்பி 1,125 கிராமுக்குக் கொண்டுவந்தோம். நிமிர்ந்து நின்றது. எக்ஸ் கூண்டை வைத்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை விரலால் சாய்த்து விட்டு, ஊசலாடும் நேரத்தைக் கணக்கிட்டான். கூண்டை எடுத்தபின் கப்பல் சிறிது விரைவாக நிமிர்ந்து ஆடியது. வேறுபாடு மிகக் குறைவு. நாலைந்து முறை அளந்து சராசரி எடுத்த பிறகே நம்பினோம்.

அந்த இடத்தில் எதை வைப்பது என்பது பாக்கி இருந்தது. பெரியவரைத் தேடிப் போனோம். அவர் பீரோவிலிருந்து ஒரு குழுப்படத்தை எடுத்து வந்தார்; மேல்தளத்தில் இருபது இளைஞர்கள், பின்னால் அந்த இடம். மாணவன் அட்டையில் இருந்த 1961-ஐ அடித்துவிட்டு 1970 என்று எழுதினான். பிறகு பெரியவரைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளந்தான். 168 செ.மீ. கப்பலின் அளவில் 8.4 மி.மீ.