வாக்குக் கேட்ட வழக்கறிஞர்

குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குத் தண்டனை கேட்பவர் அரசு வழக்கறிஞர். நம் நாட்டில் அவரை அமர்த்துவது அரசு. மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரை, அரசியல் சட்டத்தின் 165-ஆவது விதிப்படி, கவர்னர் நியமிக்கிறார். நம் வீட்டு வாசலுக்கு வந்து அவர் கைகூப்ப வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் முறை வேறு. மாவட்ட வழக்கறிஞரும் மக்கள் வாக்கைப் பெற்றே வரவேண்டும். மாநிலத் தலைமை வழக்கறிஞரும் அப்படியே. தண்டனை கேட்கும் கை, வாக்குக் கேட்கவும் நீளுகிறது! இது நன்றா, தீதா? 2010-ஆம் ஆண்டு அங்கு நடந்த தேர்தலைக் கொண்டு எடைபோடுவோம்.

மாநிலப் பதவிக்கு முன்னணியில் நின்றவர் இருவர். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட வழக்கறிஞர் ஸ்டீவ் கூலி, குடியரசுக் கட்சிக்காரர். சான் பிரான்சிஸ்கோ மாவட்ட வழக்கறிஞர் கமலா ஹாரிஸ், ஜனநாயகக் கட்சிக்காரர். அம்மையாரின் தாயார் சியாமளா, 1958-இல் இந்தியாவிலிருந்து அங்கு படிக்கச் சென்றவர். பாட்டனாரின் ஊர், மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரம். ‘நம்மவர்’ என்று தோள் தட்டத் தோன்றும். அது பிறகு ஆகட்டும், தோழர்களே! முதலில் செயலைப் பார்ப்போம்.

2004 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோவில் 29 வயதுக் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மையார் பதவி ஏற்று மூன்று மாதமே ஆகியிருந்தது. கொன்றவனுக்குத் தூக்கு கேட்கமாட்டேன் என்றார். தூக்குத் தண்டனையை எதிர்க்கிறேன் என்று சொல்லித்தான் அதற்கு முன்பு வாக்குக் கேட்டிருந்தார். காவலர்கள் கொதித்தனர். அம்மையாரின் கட்சியைச் சேர்ந்த செனட்டர் டயான் பைன்ஸ்டைனே, இறுதிச் சடங்கு நடந்த கோயிலில், தூக்குதான் தகும் என்றார். அம்மையார் அசையவில்லை. கொலையாளிக்கு 2007-இல் ஆயுள் முழுதும் சிறை கிடைத்தது. கடும் எதிர்ப்பு எழுந்தபோதும் சொன்ன சொல்லில் நின்றது, பாராட்டத்தக்க உறுதி!

ஆனால் மாநிலம் முழுதும் வாக்குக் கேட்கப் புறப்பட்டதும் நடந்தது என்ன? கூலி தூக்குத் தண்டனையை ஆதரிப்பவர். அம்மையாரோ, என் மனம் எதிர்த்தாலும் சட்டத்தை நிறைவேற்றுவேன் என்று வாக்குறுதி தந்தார். நகரத்து மேடையில் ஒரு பேச்சு, மாநிலத்து மேடையில் மறு பேச்சு!

கூலியும் சறுக்கினார். அக்டோபர் மாதம் இருவரும் நேருக்கு நேர் வாதாடிய மேடையில் ஒரு கேள்வி எழுந்தது: மாவட்டப் பதவிக்கான ஓய்வூதியம், மாநிலப் பதவிக்கான சம்பளம் இரண்டையும் வாங்கிக்கொள்வீரா? வாங்குவேன், உழைத்துப் பெற்ற உரிமை என்றார். அந்தப் பதவிக்குச் சம்பளம் மிகமிகக் குறைவு என்றும் சொன்னார். அந்தக் குறைந்த சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டாலர்! வேலையின்றிப் பல இலட்சம் தொழிலாளர் திண்டாடிய ஆண்டு அது. அம்மையாரின் அணி அந்தப் பேச்சையே விளம்பரமாக்கி வீடுதோறும் காட்டியது.

நவம்பர் 2 இரவு, வென்றுவிட்டேன் என்றார் கூலி. எண்ணிக்கையோ வாரக்கணக்கில் நீண்டது. நவம்பர் 24-இல் தோல்வியை ஒப்புக்கொண்டார். வித்தியாசம் சுமார் 74,000 வாக்கு; பதிவானதில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கூலியின் சொந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலேயே அம்மையார் முந்தினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணியும் முதல் கறுப்பினத்தவரும் அவரே.

பதவியில் அமர்ந்தபின்? வீட்டுக்கடன் முறைகேடு செய்த பெரிய வங்கிகளோடு பல மாநிலங்கள் பேசிய சமரசம் போதாது என்று 2011-இல் வெளியேறினார். 2012-இல் கூடுதல் தொகை பெற்றார். பாராட்டுகிறோம். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் மீது வழக்கு என்ற சட்டத்துக்கும், மாவட்ட வழக்கறிஞராக இருந்தபோதே, அவர் முன்னின்றிருந்தார். இரவுவேலை பார்த்துத் திரும்பும் தாயைக் கூண்டில் ஏற்றுவதா கல்விக்கு வழி? கண்டிக்கிறோம். 2014-இல், மாநிலத்தின் தூக்குத் தண்டனை முறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றார் ஒரு நீதிபதி. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தவர் யார்? 2004-இல் தூக்கு கேட்க மறுத்த அதே கமலா ஹாரிஸ்!

பதவியின் கடமை அது என்பார்கள். இருக்கலாம். ஆனால் 2004-இல் காட்டிய உறுதியைக் கண்டு வாக்களித்தவன், அது எங்கே போயிற்று என்று கேட்க உரிமை உடையவன்.

அப்படியானால், வழக்கறிஞர் வாக்குக் கேட்பது தீதா? தீது என்று நாம் சொல்லமாட்டோம். அரசு அமர்த்துபவர் அரசின் முகம் பார்ப்பார். மக்கள் அமர்த்துபவர் மக்கள் முகம் பார்க்கவேண்டும். ஆனால் மக்கள் முகத்தில் கோபம் மட்டுமே தெரிந்தால், அவர் கோபத்துக்குத்தான் பணிவார். பசித்துத் திருடியவனுக்கு ஒரு நீதி, வங்கிக்காரனுக்கு ஒரு நீதியா என்று நாம் கேட்டால்தான் அதற்கும் பதில் தேடுவார்.

வாக்குச் சீட்டைப் பெட்டியில் போட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணுபவன் ஏமாளி. மேடையில் சொன்னதை எழுதி வையுங்கள். பதவியில் செய்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். நம்மவரானாலும் பிறரானாலும், கணக்கு ஒன்றே!