மடக்கை: ஒரு கலைச்சொல்லும் அதன் பொருளும்

8ஐப் பெறுதற்கு 2ஐ எத்தனை முறை எழுதிப் பெருக்கவேண்டும் என வினவின், மூன்று முறை என்பது விடை. இந்த 3 என்பதே 2ஐ அடிமானமாகக் கொண்ட 8இன் மடக்கை. ஒரு கருத்தை அதன் பெயர் எவ்வளவு விளக்குகிறது என்பதற்கு இச்சொல் நல்லதொரு சான்று.

1614இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் நேப்பியர் இட்ட 'லாகரிதம்' என்னும் பெயர், விகிதம், எண் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் இணைப்பு. தில்லியிலிருந்து வெளிவரும் இந்திக் கணிதப் பாடநூல்களில் வழங்கும் 'லகுகணக்' என்பது கணக்கை எளிதாக்கும் பயனைச் சுட்டுகிறது. தமிழ்ச்சொல்லோ மடங்கு, மடக்கு என்பவற்றின் அடியாக அமைந்து, எண் மடங்காகப் பெருகும் செயலையே சுட்டுகிறது. வீரசேனரின் 'தவளா' என்னும் சமண உரைநூலில் வரும் 'அர்த்தச்சேதம்' இதன் மறுபுறம். 32ஐ ஐந்து முறை பாதியாக்கினால் 1 எஞ்சும். ஆதலின் அதன் அர்த்தச்சேதம் 5.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதிதன்று. யாப்பருங்கலக்காரிகை கூறும் அசைகள் நேர், நிரை என இரண்டு. அவற்றால் ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 அமைகின்றன. ஓர் அசை கூடுந்தோறும் சீர்த்தொகை இருமடங்காகிறது. அசைகளின் எண்ணிக்கையே சீர்த்தொகையின் மடக்கை.

ஒருபுறம் பெருக்கல் நிகழ, மறுபுறம் கூட்டல் நிகழ்வதே மடக்கையின் ஆற்றல். 10ஐ அடிமானமாகக் கொண்டால் 100இன் மடக்கை 2, 1000இன் மடக்கை 3. இவ்விரண்டையும் கூட்டினால் 5, பெருக்குத்தொகை 1,00,000. கணிப்பான்கள் பரவும் வரை வானியலாரும் பொறியாளரும் இவ்வழியிலேயே பெருங்கணக்குகளைச் செய்தனர். அட்டவணைகள் வழக்கொழிந்த பின்னும் கருத்து நிலைத்துள்ளது. 1935இல் வகுக்கப்பட்ட ரிக்டர் அளவில் ஓர் எண் கூடினால் நில அதிர்வின் வீச்சு பத்து மடங்காகும்.

மொழியியலுக்கும் இது வேண்டப்படுவது. 1948இல் கிளாட் ஷானன் செய்தியின் அளவை மடக்கையால் வரையறுத்தார். தமிழெழுத்துகள் 247. ஏழு பிட்டுகளால் 128 குறியீடுகளும், எட்டால் 256 குறியீடுகளுமே அமையும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் சம நீளமுள்ள தனிக்குறியீடு வழங்க எட்டு பிட்டுகள் தேவை.

மடக்கையை வெறும் விதியாக மனனம் செய்வித்தலினும், சொல்லின் பொருளையும் சீர்களின் பெருக்கத்தையும் காட்டித் தொடங்குதல் நன்று. கலைச்சொல் பொருளோடு பயிலப்படும்போதே அது அறிவியலைக் கற்பிக்கும் கருவியாகிறது.