புல்தரைக்கு நிழலில் ஒரு மாற்று

தண்ணீருக்குத் தவிக்கும் புனேயில் மரத்தடிகளைப் பசுமையாக்க லிரியோப்பி உதவும். ஆனால் முதல் ஆண்டு பொறுமை தேவை.

மே மாதம் வந்தால் புனேயில் இரண்டு மஞ்சள்கள் கண்ணில் படும். ஒன்று, சந்தையில் குவியும் அல்போன்சா மாம்பழம். மற்றொன்று, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் புல்தரை. முதலாவதைப் பார்த்தால் பர்ஸைத் திறக்கிறார்கள். இரண்டாவதைப் பார்த்தால் குழாயை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சஹ்யாத்ரி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது புனே. ஆண்டுக்குச் சுமார் 70 செ.மீ. மழை; அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களுக்கு கடக்வாஸ்லா, பான்ஷேத் போன்ற அணைகள்தான் கதி. 2015இல் மழை பொய்த்தபோது நகரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது.

ஓர் எளிய கணக்கு. கோடையில் புல்தரை தினமும் 5 மி.மீ. நீரை இழப்பதாக வைத்துக்கொண்டால், 100 சதுர மீட்டருக்கு 500 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். அதாவது ஏறக்குறைய நான்கு பேரின் பங்கை ஒரு சிறு புல்தரையே குடித்துவிடுகிறது. இத்தனைக்கும் மரத்தடியில் அது சரியாக வளர்வதுமில்லை.

அந்த இடத்துக்குத்தான் லிரியோப்பி. பார்வைக்குப் புல், ஆனால் புல் இனமல்ல. நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் போலவே இதன் வேர்களிலும் சிறு கிழங்குகள் உண்டு. வேரூன்றிய செடி வறட்சியைத் தாங்க அவை உதவுகின்றன. சீனா, ஜப்பான் பகுதிகளைச் சேர்ந்த இந்தச் செடி ஓரடி உயரத்துக்குக் கொத்தாக வளரும். நீண்ட இலைகளுக்கு நடுவே ஊதா நிறப் பூங்கதிர்கள் நிமிர்ந்து நிற்கும். பிறகு கருமணி போன்ற காய்கள். ஜப்பானில் இதன் பெயர் 'யாபுரான்'. புதர் ஆர்க்கிட் என்று பொருள்.

வாங்கும்போதே கவனம் வேண்டும். 'மஸ்காரி' இனம் கொத்தாக, அடக்கமாக வளரும். 'ஸ்பிகேட்டா' இனமோ மண்ணுக்கடியில் தண்டுகளை ஓடவிட்டு அடுத்த பாத்தியையும் பிடித்துக்கொள்ளும். பெரிய சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த அது சரி. சிறிய தோட்டத்துக்குத் தலைவலி.

நடுவதற்கு ஏற்ற நேரம் ஜூன், ஜூலை. ஆனால் புனேயின் கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் களியாகும். தண்ணீர் தேங்கினால் லிரியோப்பியின் வேர் அழுகிவிடும். எனவே முரம் மண்ணும் மக்கிய இலை உரமும் கலந்து பாத்தியைச் சற்று உயர்த்த வேண்டும். செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி. குருத்து புறப்படும் பகுதி மண்ணில் புதையக் கூடாது.

இந்தக் கணக்கில் 100 சதுர மீட்டருக்குச் சுமார் 1,100 செடிகள் தேவை. மலைக்க வேண்டாம். கொஞ்சம் வாங்கி நட்டு, மூன்றாண்டு கழித்துக் கொத்தைப் பிரித்து நட்டால் ஒன்று பலவாகும்.

முதல் ஆண்டுதான் சோதனை. மழை நின்றபின் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் தவறக் கூடாது. இலைகள் தரையை மூடும்வரை களையெடுக்கவும் வேண்டும். உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாமல் செடிகளுக்கு நடுவே பரப்பினால் ஈரமும் நிற்கும், களையும் குறையும். அதன்பின் தினசரி தெளிப்பு தேவையில்லை. மண் காய்ந்ததைப் பார்த்து, வேர்வரை இறங்கும்படி எப்போதாவது ஊற்றினால் போதும். புதிய குருத்து வருமுன் ஆண்டுக்கொருமுறை பழைய இலைகளைக் கத்தரித்துவிடலாம். இலை நுனி வெளிறிக் கருகினால் வெயில் அதிகம் என்று அர்த்தம். செம்பழுப்புத் திட்டுகள் பரவினால் பூஞ்சை நோயாக இருக்கலாம். அந்த இலைகளை வெட்டி அகற்றி, மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மிதிபடுவதை இது தாங்காது. குழந்தைகள் ஓடி விளையாடப் புல்தரைதான் சரி. ஜப்பானின் ஒகயாமா நகரிலுள்ள கோராகுவென் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது புனே சிங்கட் சாலையிலுள்ள பு.ல.தேஷ்பாண்டே பூங்கா. அந்த கோராகுவெனே விரிந்த புல்வெளிகளுக்குப் பெயர்பெற்றதுதான். ஆனால் அது ஒரு நிலப்பிரபுவுக்காக அமைக்கப்பட்ட தோட்டம். நம் குடியிருப்புக்கு, விளையாடும் இடத்தில் மட்டும் புல், மரத்தடியில் லிரியோப்பி என்ற பங்கீடு போதும்.

மாம்பழம் மட்டும் மஞ்சளாக இருக்கட்டும்.