அம்மாவின் புடவையில் ஓர் ஓட்டை

கழியில் காயப்போட்ட அம்மாவின் புடவையில் பொட்டளவு ஓட்டை. மேல்மாடியிலிருந்து விழுந்த சிகரெட் துண்டின் வேலை. ஒரே மாதத்தில் இது இரண்டாவது முறை.

“புகார் செய்யலாம்மா” என்றேன். “மேல்வீட்டு அங்கிள் தனியா இருக்கார்டா, பாவம்” என்றார். அவர்தான் என்று எப்படித் தெரியும்? எங்களுக்கு மேலே ஆறு மாடிகள்!

உயரத்திலிருந்து குப்பை வீசுவோரைப் பிடிக்க, தேசியச் சுற்றுப்புற வாரியம் 2012 முதல் கேமராக்களைப் பயன்படுத்துகிறது. 2023 ஜூலை முதல் சட்டமும் இறுகிவிட்டது. எந்த வீட்டிலிருந்து விழுந்தது என்று தெரிந்தால் போதும், வீசியவர் அவ்வீட்டு உரிமையாளர் அல்லது வாடகைதாரர் என்றே கருதப்படும். அவர் இல்லையென்றால், வீசியவர் யார் என்று 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். முதல்முறை குற்றத்துக்கே அபராதம் 2,000 வெள்ளி வரை போகலாம். புகைப்பது மகன், வீடு அப்பா பெயரில் என்றால்? நம் வயதுப் புகைப்பாளர்கள் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்?

கடைசியில் நானே மேலே போய்க் கதவைத் தட்டினேன். அங்கிள் புகைப்பதே இல்லையாம். சன்னலோரத் துளசித் தொட்டியைக் காட்டினார். அதிலும் மூன்று துண்டுகள்.

அன்றே இரண்டு வீட்டிலிருந்தும் ‘ஒன்சர்விஸ்’ செயலியில் புகார் செய்தோம். அங்கிளுக்குப் படம் எடுத்து அனுப்பத் தெரியவில்லை, நான்தான் செய்துகொடுத்தேன். அம்மா இப்போதைக்குப் புடவைகளை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறார்.