மண்ணீரலில் ஒரு செக்போஸ்ட்

நம் உடம்பில் ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் தின்னப்படுகின்றன. தின்பது கிருமி இல்லை, நம்முடைய மேக்ரோஃபேஜ்களேதான். மண்ணீரலிலும் கல்லீரலிலும் உட்கார்ந்திருக்கிற, விழுங்குவதையே தொழிலாகக் கொண்ட நோயெதிர்ப்பு செல்கள் இவை. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் ஓடித் தேய்ந்தபிறகு இவற்றின் வாய்க்குள் போகிறது. அதிலிருந்து நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு மீட்கப்பட்டு, புது ரத்தம் செய்யப் பயன்படுகிறது. சாப்பாட்டிலிருந்து நாம் உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு 1, 2 மில்லிகிராம்தான். ஆக, சொந்த செல்லைத் தின்பது தவறே இல்லை. அது நடக்காவிட்டால் ரத்தம் ஊறாது.

அப்படின்னா கேள்வி வேறு. அத்தனை நாளும் அதே மண்ணீரல் வழியாகத் திரும்பத் திரும்பப் போய்வந்த அணுவை, மேக்ரோஃபேஜ் ஏன் விட்டுவைத்தது?

சிவப்பணுவின் மேல் சிடி47 என்று ஒரு புரதம் இருக்கிறது. மேக்ரோஃபேஜின் மேல் சிர்ப்-ஆல்ஃபா என்ற ஏற்பி. இரண்டும் தொட்டுக்கொண்டால், மேக்ரோஃபேஜுக்குள் எஸ்எச்பி-1 என்ற என்சைம் வேலையைத் தொடங்கி, விழுங்குவதற்கு வேண்டிய மயோசினை அடக்கிவிடுகிறது. ‘என்னைத் தின்னாதே’ என்ற சேதி இதுதான்.

2000ஆம் ஆண்டு பெர்-ஆர்னே ஓல்டன்போர்க்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் சிடி47 இல்லாத எலியின் சிவப்பணுக்களைச் சாதாரண எலிக்குள் செலுத்தினார்கள். மண்ணீரல் அவற்றைச் சீக்கிரமே காலி செய்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனால் சிடி47 இல்லாமலே பிறந்த எலி நன்றாகத்தான் வாழ்கிறது. அதன் மேக்ரோஃபேஜ்கள் அதன் ரத்தத்தைத் தின்பதில்லை. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. அந்த அட்டையையே காணாத இடத்தில் வளர்ந்த காவலாளி, அட்டை கேட்காமல் இருக்கப் பழகிவிட்டான். ‘நம்முடையது’ என்பது செல்லின் மேல் மட்டும் எழுதியிருப்பது இல்லை, பார்ப்பவன் எங்கே வளர்ந்தான் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் களியக்காவிளை செக்போஸ்ட்டைச் சொன்னால் போதும். பேப்பர் எல்லாம் சரியாக இருந்தால் லாரி போகலாம். ஆனால் பேப்பர் சரியாக இருந்தும், தார்ப்பாய்க்குக் கீழே ரேஷன் அரிசி எட்டிப் பார்த்தால் வண்டி நிக்கும். உடம்பிலும் அப்படியே. சிடி47 பேப்பர் மாதிரி. வயதான செல்லின் உள்சவ்வில் இருக்க வேண்டிய பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் புரண்டு தெரிவதும், மேலே ஆன்டிபாடி ஒட்டியிருப்பதும் ‘என்னைத் தின்னு’ என்ற அடையாளங்கள். மேக்ரோஃபேஜ் இரண்டையும் தராசில் போடுகிறது. எந்தத் தட்டு தாழ்கிறதோ அதுதான் முடிவு.

இந்தத் தராசு தவறாமல் சாய்கிற நோய் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1952இல் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் கூறு அங்கே பரவலாக இருப்பதைப் பதிவு செய்தார்கள். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆக்ஸிஜன் குறையும்போது அந்த ஹீமோகுளோபின் இழையிழையாகக் கோத்து, அணுவை அரிவாளாக வளைக்கிறது. வளைந்து வளைந்து சவ்வு கெட்டு, பாஸ்ஃபாடிடைல்செரின் வெளியே வந்துவிடும். பேப்பர் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் முடிந்துபோகிறது. ரத்தசோகையும் மஞ்சள் கண்ணும் வருவது இதனால்தான்.

ஒரு மரபணு மட்டும் மாறியவருக்கு இதே கண்டிப்பு உதவியும் செய்கிறது. மலேரியா கிருமி புகுந்த அவருடைய அணு சீக்கிரமே கெட்டுப்போன அடையாளம் காட்டி, கிருமி பெருகும் முன்பே விழுங்கப்படுகிறது. இந்தக் கூறு மலேரியாவைத் தாங்க உதவுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. மலேரியா அதிகமிருந்த நிலங்களில் இந்த மரபணு நிலைத்ததில் ஆச்சரியமில்லை.

புற்றுநோய் இதைத் தலைகீழாகச் செய்கிறது. ரத்தப் புற்றுநோய் செல்கள் சிடி47ஐ அதிகமாகச் சுமப்பதை 2009இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பேப்பரைப் பிடுங்கிவிட்டால் போதுமே என்று மேக்ரோலிமாப் என்ற மருந்து வந்தது. அதை உருவாக்கிய கம்பெனியை 2020இல் கிலியட் 490 கோடி டாலருக்கு வாங்கியது. மருந்து போட்டதும் நோயாளிகளின் வயதான சிவப்பணுக்கள் முதலில் காணாமல் போயின. அதனால் முதல் டோஸைக் குறைத்துக் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில், ஆயுளைக் கூட்டவில்லை, மரண அபாயத்தைக் கூட்டியது என்று கடுமையான ரத்தப் புற்றுநோய்க்கான சோதனை நிறுத்தப்பட்டது. சிடி47 தராசின் ஒரு தட்டு மட்டும்தான். அதிலிருந்து எடையை எடுத்தால், அதே அட்டையைச் சுமக்கிற நல்ல செல்லின் கணக்கும் சேர்ந்தே மாறுகிறது.

அரிவாள் செல் நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா வேறு வழியில் போகிறது. காவலாளியைத் தொடுவதில்லை. கருவிலிருந்தபோது இருந்த ஹீமோகுளோபினை மறுபடி அதிகமாகச் சுரக்க வைத்து, அணு வளைவதையே குறைக்கிறது. வளையாத அணுவிடம் ‘தின்னு’ என்ற அடையாளம் குறைவு, அதனால் கூட நாள் வாழ்கிறது. தினமும் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை, தின்னப்பட்டதை ஈடுகட்ட ஓடிக்கொண்டிருக்கும் எலும்பு மஜ்ஜைக்கு. மத்திய அரசு 2023 ஜூலை 1இல் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தின் ரத்தப் பரிசோதனை முகாமுக்கு ஒருவர் வந்தால், முதலில் தெரிய வேண்டியது அவர் ஒரு மரபணு கொண்டவரா, இரண்டு கொண்டவரா என்பதுதான். ஒன்று என்றால் பெரும்பாலும் சாதாரண வாழ்க்கை. இரண்டு என்றால் இந்த மாத்திரைகளைச் சின்ன வயதிலேயே தொடங்கலாம்.