பாலேட்டுத் துப்பாக்கிகள்

கொள்ளைக் கூட்டத்தாரைப் பற்றிய அமெரிக்கப் படங்களிலே உணவுக்கும் ஓரிடம் உண்டு. 1931ஆம் ஆண்டு வெளிவந்த 'பப்ளிக் எனிமி'யில், ஜேம்ஸ் கக்னி காலையுணவு மேசையிலிருந்த பாதிக் கிரேப்புறூட் பழத்தைத் தன் காதலியின் முகத்தில் அழுத்துவதைக் கண்டோர் மறவார். இவ்வகைப் படங்களைப் பகடி செய்த 'பக்சி மலோன்' (1976), உணவையே ஆயுதமாக்கிவிட்டது.

கதை நிகழ்வது 1929ஆம் ஆண்டு நியூயோர்க்கில். இரு கூட்டங்கள் மோதுகின்றன. ஆனால் அரும்பு மீசையும் முளைக்காத சிறுவரே நடிகர் அனைவரும்! அவர்தம் மோட்டார்கள் காலால் மிதித்து ஓட்டப்படுவன. தடித்த சாமின் கூட்டத்தார் கஸ்ரட் அப்பங்களையே எறிய அறிவர். எதிரி டான்டி டானுக்கோ, பாலேட்டை அள்ளிச் சொரியும் புதுத் துப்பாக்கி கிடைத்துவிடுகிறது. அது பட்டவன் ஒழிந்தான். வல்லரசுகளின் ஆயுதப் போட்டியும் ஏறக்குறைய இப்படித்தானே!

நெடுந்தூரக் கார்ப் பயணங்களில் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதையையே நெறியாளர் அலன் பாக்கர் படமாக்கினார். சிறுவரையே வீரராக்கும்படி யோசனை கூறியவன் அவருடைய மூத்த மகன். படப்பிடிப்பு இங்கிலாந்தின் பைன்வூட் கலையகத்தில் நடந்தது. பாலேடு நிரப்பிய மெழுகுருண்டைகளை எய்து பார்த்தனர். அவை பொருந்தாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. துப்பாக்கி பிங்-பொங் பந்துகளை உமிழ்வது ஒரு காட்சி. பாலேடு முகத்தில் வந்து அப்புவது மறுகாட்சி. இரண்டையும் விரைவாக ஒட்டியதே வித்தை.

பாடல்களில் மாத்திரம் நமக்கு மனக்குறை. போல் வில்லியம்சின் மெட்டுக்கள் இனியனவே. எனினும் சிறுவர் வாயசைக்க முதியோர் குரல் எழுவது செவிக்கு ஒவ்வவில்லை.

பிள்ளைகளின் கையில் துப்பாக்கி தருவது தகுமா என வினவுவோர்க்கு ஒன்று சொல்வோம். இப்படத்தில் தலுலாவாக வந்த ஜோடி பொஸ்டர், அவ்வாண்டே 'டக்சி டிறைவர்' படத்தில் சீரழிக்கப்பட்ட சிறுமியாகவும் தோன்றினார். இரு படங்களும் 1976இல் கான் விழாவின் போட்டியில் இடம்பெற்றன. பரிசு பெற்றது 'டக்சி டிறைவர்'. அதன் முடிவில் அச்சிறுமியின் கண்முன்னே இரத்தம் ஆறாகப் பெருகுகிறது. இங்கோ, இறுதிச் சண்டையில் நண்பரும் பகைவரும் தலைமுதல் கால்வரை வெள்ளை பூசி நிற்கின்றனர். சண்டை சட்டென ஓய்கிறது. பாட்டு எழுகிறது. ஒழிந்தவர் என்று எவரும் இல்லை.