தூசி பறக்கும் இடத்தில் சோறு வேண்டாம்

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறவர்கள், ஃபியூஸ் கட்டைகள் வார்க்கிறவர்கள், கிளேஸ் பூசுகிறவர்கள் எல்லோரும் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். டப்பாவுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. இந்த ஊரைப் பொறுத்தவரை, டப்பாவை எங்கே திறக்கிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பீங்கான் மண்ணில் சிலிக்கா இருக்கிறது. காய்ந்து பறக்கும் அந்தத் தூள் மூச்சில் ஏறினால், வருடக்கணக்கில் நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சோற்றோடு வயிற்றுக்குள் போகும் ஆபத்து வேறு. கிளேஸ் கலவையிலும் வண்ணங்களிலும் ஈயமோ காட்மியமோ கலந்திருக்கக்கூடும். என்ன கலந்திருக்கிறது என்பது வேலை செய்கிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. வேலை செய்த கையாலேயே பிசைந்து சாப்பிட்டால், நகக்கண்ணில் ஒட்டியிருப்பதும் உள்ளே போய்விடும். சானிடைசர் ஈயத்தைப் போக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

வெறும் வயிற்றில் ஈயத்தை உடல் கூடுதலாக உறிஞ்சும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடலிலும் அப்படித்தான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்வதன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே காலையில் வெறும் டீயோடு வேலைக்கு ஓடிவராதீர்கள். கேழ்வரகுக் கூழாவது குடித்துவிட்டு வாருங்கள். சுண்ணாம்புச்சத்துக்கு அதை மிஞ்சிய தானியம் இல்லை. மதியத்துக்கு முருங்கைக்கீரைப் பொரியல், கூடவே ஒரு நெல்லிக்காய். நெல்லியின் புளிப்பு இரும்புச்சத்தை உடலில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும் என்பதால் டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கடலை விளையும் ஊரில் புரதத்துக்குப் பஞ்சமில்லை. பூஞ்சை பிடித்த கடலையை மட்டும் தூக்கி எறியுங்கள். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

காலை ஆறு மணிக்கு வடித்த சோறு ஒரு மணி வரை தாங்க வேண்டும். சோற்றை ஆவியோடு மூடினால் வியர்த்து, கிருமி பெருகும். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தாங்கும். தேங்காய்ச் சட்னியை வெயில் காலத்தில் நம்பக் கூடாது. எவர்சில்வர் டப்பாவே போதும். சூடான சாம்பாரை பிளாஸ்டிக் பையில் கட்டுவதும் வடையை நாளிதழில் மடிப்பதும் வேண்டாம். உணவை நாளிதழில் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகளே தடை செய்கின்றன.

பிள்ளைகளுக்கும் இதே சாப்பாடுதான். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் மதிய உணவு என்பது, 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-இல் விதி வந்தது. கடைகள் என்னவோ இன்னும் வாசலை ஒட்டியேதான் இருக்கின்றன. கெட்டுப்போன உணவு விற்றால் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம்.

பட்டறைக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், 150 பேருக்கு மேல் வேலை செய்தால்தான் சாப்பாட்டு அறை கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 50 ஆகக் குறைத்திருக்கிறது. நல்ல மாற்றம்தான்; ஆனால் பத்து இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அதனால் அறை கிடைத்துவிடாது. பத்துப் பேர் இருந்தாலே குடிநீரும் கை கழுவும் வசதியும் தூசியில்லாத வேலையிடமும் தருவது முதலாளியின் கடமை. கேட்டும் தராவிட்டால், பலர் சேர்ந்து கையெழுத்திட்டு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள்.

சிலிக்கோசிஸும் ஈய நஞ்சும் சட்டப்படி தொழில்சார் நோய்கள். இ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்குச் சிகிச்சையும் உதவித்தொகையும் உண்டு. பதிவாகாதவருக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும். இருமலுக்கு மருத்துவரிடம் போனால், என்ன வேலை, எத்தனை வருடமாக என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் உரிமை கோர அந்தச் சீட்டு வேண்டும்.

சிறு பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். சட்டம் அறை கேட்காவிட்டாலும், வாசலுக்கு வெளியே ஒரு குழாய், ஒரு சோப்பு, நிழலில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுங்கள்.